ஓடும் ரயிலில் ஓட்டுத்தையல்

வாசகர் கேள்வி – பதில்

பயணத்தின்போது கையாலேயே பூத்தையல் போடுவது பற்றி வந்த கடிதங்களில் பொதுவானவற்றைத் தேர்ந்தெடுத்து இந்த இதழில் பதில் தருகிறோம்.

காசிக்குப் போய்த் திரும்ப 12 நாள் ஆகும். ரயிலிலும் தங்கும் இடத்திலும் ஏதாவது தைத்துக்கொண்டே போய், ஊர் திரும்பும்போது அந்தப் பயணத்தின் நினைவாக ஒரு துணி முடிந்திருக்க வேண்டும் என்று ஆசை. பூத்தையல் ஓரளவு தெரியும். என்ன தைக்கலாம், என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?
— வாசகி, கோயம்புத்தூர்

பெரிய துணியில் ஒரே படமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது மடியில் நிற்காது, தரையில் புரளும், பாதியில் விட்டால் அரைகுறையாகவே இருந்துவிடும். நாளுக்கு ஒரு கட்டம் என்று நீளமான பட்டை ஒன்றில் தைப்பதுதான் பயணத்துக்கு ஏற்றது. ஒரு நாள் உடம்பு சரியில்லை என்றால் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கட்டும், அதுவும் பயணக் கணக்கில் சேர்ந்ததுதான்.

12 கட்டம், ஒவ்வொன்றும் 8 செ.மீ. சதுரம். ஆக 96 செ.மீ. இரு முனையிலும் 7 செ.மீ., இரு பக்கமும் 3 செ.மீ. விட்டால், வெட்ட வேண்டிய துணி 110 செ.மீ. நீளம், 14 செ.மீ. அகலம். நீளம் பாவு நூல் (தறியில் நீளவாக்கில் ஓடும் இழை) போகும் திசையில் இருக்கட்டும். ஊடை (குறுக்கிழை) வாக்கில் வெட்டினால் கையில் பிடித்துப் பிடித்தே துணி இழுபட்டு, கடைசிக் கட்டம் சதுரமாக இல்லாமல் போகும்.

மேல்துணிக்குக் கேஸ்மென்ட் என்னும் பருத்தித் துணி அல்லது நடுத்தரக் கனமுள்ள கைத்தறிப் பருத்தி நல்லது. அடியில் பழைய வேட்டியிலிருந்தோ பருத்திச் சேலையிலிருந்தோ அதே அளவில் ஒரு துண்டு. பலமுறை துவைத்து மிருதுவான பழந்துணியில் ஊசி வழுக்கிக்கொண்டு இறங்கும். வங்காளத்துக் காந்தா தையலின் அடிப்படையே இதுதான்: பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத்தையல் (ஊசி மேலும் கீழுமாக ஏறி இறங்கி ஓடும் தையல்) போட்டு ஒன்றாக்குவார்கள். இரண்டு அடுக்கு சேர்ந்தால் துணிக்கு உடல் வந்துவிடும், வளைய ஃப்ரேம் தேவைப்படாது. ரயிலில் ஃப்ரேம் பெரிய இடைஞ்சல். அதைப் பிடிக்க ஒரு கை போய்விடும், கழற்ற மறந்து இரவு பையில் வைத்தால் வட்டத் தடம் விழும்.

புதுத் துணி எதுவானாலும் வெட்டுவதற்கு முன்பே ஒருமுறை சுடுநீரில் அலசிக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். வெட்டிய பிறகு ஓரத்தைச் சுற்றித் தைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் 12 நாளில் ஓரத்து நூல் பிரிந்து ஒரு செ.மீ. போய்விடும். இரண்டு அடுக்கையும் 5 செ.மீ. இடைவெளியில், நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கி, பெரிய பெரிய தற்காலிகத் தையலால் பிணைத்துக்கொள்ளுங்கள். கட்டங்களை மெல்லிய பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள். பயணத் தையலில் பாதி வேலை வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும். அளப்பது, வெட்டுவது, நூல் பிரிப்பது மூன்றுக்கும் மேசை வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும். ஓடும் வண்டியில் இரண்டும் கிடைப்பதில்லை.

பட்டையை ஒரு காகிதக் குழலில் சுருட்டி, அன்றைய கட்டம் மட்டும் வெளியே தெரியும்படி பிடித்துத் தையுங்கள். மீதித் துணியில் அழுக்குப் படாது.

பெட்டிக்கு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸ் போதும். அதில் 7ஆம் எண் எம்ப்ராய்டரி ஊசி மூன்று, 9ஆம் எண் இரண்டு (எண் கூடக் கூட ஊசி மெலியும்), ஊசி குத்தி வைக்க ஃபிளானல் துணியில் தைத்த சிறு புத்தகம், ஊசி கோக்கும் கம்பி ஒன்று, சிறு கத்தரிக்கோல், பென்சில். பெட்டியின் மூடிக்குள் தட்டையான காந்தம் ஒன்றை ஒட்டிக்கொள்ளுங்கள். தைப்பதை நிறுத்தும்போதெல்லாம் ஊசி அதில் போய் ஒட்டிக்கொள்ளட்டும். எழுந்து போகும் முன் ஊசிகளை எண்ணுங்கள். இருக்கை இடுக்கில் விழுந்த ஓர் ஊசி, அடுத்து அங்கே உட்காரும் குழந்தையைக் குத்தும்.

நூல் ஆறு நிறம் போதும். ஒவ்வொன்றிலும் 45 செ.மீ. நீளத்தில் வெட்டி, இரண்டிரண்டு இழையாகப் பிரித்துச் சேர்த்து, துளையிட்ட அட்டையில் நிறவாரியாகக் கோத்துத் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள். இழை பிரிக்கும்போது ஒரு நேரத்தில் ஒரே இழையை மேல்நோக்கி உருவுங்கள். இரண்டைச் சேர்த்து இழுத்தால் மீதி நான்கும் சிக்காகிவிடும். 45 செ.மீ. என்பது ஏறத்தாழ விரல் நுனியிலிருந்து முழங்கை வரை. அதற்கு மேல் நீளம் விட்டால் ஒவ்வொரு குத்துக்கும் துணியில் உரசி உரசி நூல் பஞ்சாகும், பக்கத்து இருக்கைக்காரர் முகத்திலும் கை படும்.

ஓடும் வண்டியில் ஓட்டுத்தையல், பின் தையல் (ஒவ்வொரு குத்துக்கும் ஊசி ஓரடி பின்னே போய் முன்னே வருவது), சங்கிலித் தையல் (வளையம் வளையமாகக் கோத்து வருவது) மூன்றையும் தைரியமாகப் போடலாம். இலைக்குள் நிரப்பும் சாட்டின் தையலையும் நூலை ஊசியில் சுற்றிப் போடும் பிரெஞ்சு முடிச்சையும் தங்கும் அறைக்கு ஒதுக்கி வையுங்கள். சாட்டினில் அரை மில்லிமீட்டர் தவறினாலும் ஓரம் பல்லிளிக்கும்.

ஓட்டுத்தையல் போட்டால் துணி சுருங்கிக்கொண்டே வருகிறது. வீட்டில் ஃப்ரேமில் போடும்போது இப்படி இல்லை. பயணத்தில் ஃப்ரேம் இல்லாமல் தைத்த மூன்று துணியும் அப்பளம் பொரித்த மாதிரி ஆகிவிட்டது.
— வாசகி, மதுரை

துணிக்கும் நூலுக்கும் நீளம் ஒத்துப்போகவில்லை, காரணம் அவ்வளவுதான். 8 செ.மீ. வரியில் நூல் 7.5 செ.மீ. மட்டுமே படுத்திருந்தால் துணி 7.5 செ.மீ. ஆகத்தானே வேண்டும்? ஃப்ரேம் துணியை விறைப்பாகப் பிடித்து வைத்திருக்கும், அதனால் வீட்டில் தப்பித்தீர்கள். கையில் பிடிக்கும்போது துணி ஏற்கெனவே மடிப்பு மடிப்பாகக் கூடியிருக்கும். அந்த நிலையிலேயே நூலை இழுத்து இறுக்கிவிட்டு அடுத்த குத்துக்குப் போகிறீர்கள்.

இப்படிச் செய்து பாருங்கள். ஊசியில் நான்கைந்து தையலை ஏற்றுங்கள். ஊசியை வெளியே எடுத்து, நூல் முழுக்க வரும்வரை இழுங்கள். உடனே அடுத்த குத்துக்குப் போகாதீர்கள். வரியின் தொடக்கத்தை இடது கைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்திப் பிடித்து, வலது கையின் அதே இரு விரல்களுக்கு நடுவே துணியை வைத்து, தைத்த திசையிலேயே நீவிவிடுங்கள். நீவும்போது விரலுக்கு அடியில் துணி நகர்ந்து விரிவதும், கடைசித் தையலில் வெளியே நின்ற நூல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே போவதும் கண்ணுக்குத் தெரியும். உள்ளே போன அந்த நூல்தான் இதுவரை உங்களுக்குக் குறைந்துகொண்டிருந்தது. ஜப்பானியர்களின் சஷிகோ தையலில் இந்த நீவலுக்கு இதொகொகி என்று தனிப் பெயரே உண்டு.

வரி முடிந்து திரும்பும் இடம் இன்னொன்று. அடுத்த வரிக்குத் தாவும்போது பின்பக்கம் நூலை ஒட்ட இழுக்காமல், அரிசி அளவுக்கு ஒரு சிறு வளையம் விட்டுவிடுங்கள். துவைத்த பிறகு துணி நகர அந்த இடம் வேண்டும்.

நீவியும் சுருக்கம் நிற்கவில்லை என்றால் ஊசியைப் பாருங்கள். இரண்டு இழைக்கு 9ஆம் எண் போன்ற மெல்லிய ஊசி போட்டால், கனத்த துணியில் அது போடும் துளை சிறியதாகி நூல் உரசிப் பிடித்துக்கொள்ளும், நீவினாலும் நகராது. 7ஆம் எண்ணுக்கு மாறுங்கள். தைத்தபோது சரியாக இருந்து முதல் துவைப்பில் சுருங்கியிருந்தால், துணியை முன்கூட்டி அலசாததே காரணம்.

ஒன்று சொல்ல வேண்டும். காந்தாவில் மேற்பரப்பெல்லாம் ஓடும் மெல்லிய அலைச் சுருக்கம் குறை அல்ல, அதன் அழகே அதுதான். எல்லா வரியும் ஒரே அளவு இறுக்கமாக இருந்தால் அலை சீராக வரும். உங்கள் துணி அப்பளமானது வரிக்கு வரி இறுக்கம் மாறியதால்.

விமானத்தில் ஊசியும் கத்தரிக்கோலும் கொண்டுபோக விடுவார்களா?
— வாசகி, சென்னை

கத்தரிக்கோலைச் சரக்கில் போகும் பெட்டியில் வைத்துவிடுங்கள். அமெரிக்க விமான நிலையங்களில் திருகாணியிலிருந்து நுனி வரை 4 அங்குலத்துக்குக் குறைந்த கத்தரிக்கோலைக் கைப்பையில் அனுமதிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த அளவு 6 செ.மீ. ஆனால் எங்கேயும் கடைசி வார்த்தை சோதனை மேசையில் நிற்பவருடையது. இங்கே கிளம்பும்போது விட்டாலும், மாறி ஏறும் ஊரில் எடுத்து வைத்துவிடலாம். பாட்டி காலத்துக் கத்தரிக்கோலை அப்படி இழக்க வேண்டாம்.

கழுத்தில் மாட்டும் வட்ட நூல்வெட்டியைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அதனுள்ளே முழு வட்டமாகப் பிளேடு மறைந்திருக்கிறது. அமெரிக்காவில் அதைக் கைப்பையில் அனுமதிப்பதில்லை. நகவெட்டி பெரும்பாலும் தடையில்லாமல் போகும், நூலையும் சுத்தமாக வெட்டும். எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பான வழி, வீட்டிலேயே அளந்து வெட்டிய நூலை எடுத்துக்கொண்டு, தைத்து மிஞ்சிய வாலை வெட்டாமல் பின்பக்கம் அப்படியே விட்டு, இறங்கிய பிறகு நறுக்குவது.

ஊசியைப் பொதுவாகத் தடுப்பதில்லை. கவலையாக இருந்தால் விமானத்துக்கு மட்டும் குறுக்குத் தையலை (பெருக்கல் குறி வடிவத் தையல்) வைத்துக்கொள்ளுங்கள். அதற்கான டேபஸ்ட்ரி ஊசிக்கு முனை மழுங்கல். அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள ஐடா துணிக்கு (கட்டம் கட்டமாக நெய்த துணி) 24ஆம் எண், 18 கட்டத்துக்கு 26.

படம் வரைந்து எடுத்துக்கொண்டு போன துணியைக் காரில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் கோடு ஒன்றுகூட இல்லை! துணியை யாரும் தொடவில்லை.
— வாசகர், திருநெல்வேலி

வெப்பத்தில் அழியும் ஜெல் பேனாவால் வரைந்திருப்பீர்கள். அதன் மை சுமார் 60 டிகிரி செல்சியஸில் நிறமற்றதாகிவிடும். இஸ்திரி பட்டதும் கோடு மறைய வேண்டும் என்பதற்காகத்தான் தையற்காரர்கள் அதை வாங்குகிறார்கள். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரில், முன்பக்கப் பலகையின் மேல் அந்தச் சூடு சாதாரணமாக வந்துவிடும்.

படம் போய்விடவில்லை. துணியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃப்ரீசரில் சில மணி நேரம் வையுங்கள். சுழியத்துக்குக் கீழே 10 டிகிரியில் மை மறுபடி நிறம் பெறத் தொடங்கும். வீட்டு ஃப்ரீசர் அதைவிடக் குளிர்ச்சி. இதே குணம் எதிர்த்திசையிலும் வேலை செய்யும்: இஸ்திரியில் அழித்து முடித்த துணியைப் பனிப்பிரதேசத்துக்கு எடுத்துப் போனால் பழைய கோடு எட்டிப் பார்க்கும். ஆகவே தையல் மூடாத இடத்தில் இந்தப் பேனாவைப் பயன்படுத்தவே வேண்டாம்.

மற்ற முறைகளுக்கும் அவரவர் குணம் உண்டு. தண்ணீரில் அழியும் நீலப் பேனாவுக்கு வெப்பம் ஆகாது. அலசும் முன்பு இஸ்திரி போட்டாலோ காரில் சூடேறினாலோ நீலம் துணியிலேயே தங்கிவிடலாம். காற்றில் மறையும் ஊதாப் பேனா ஓரிரு நாளில் போய்விடும், கடற்கரை ஊரில் இன்னும் சீக்கிரம். அது அன்றன்று வரைந்து அன்றன்று தைப்பவர்களுக்கு. நம் ஊர் எம்ப்ராய்டரிக் கடைகளில் ட்ரேசிங் பேப்பரில் ஊசித்துளை போட்டு, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்த்து எடுக்கும் அச்சு, விரித்து மாட்டிய துணிக்கு அருமையானது. சுருட்டிப் பையில் வைத்து எடுக்கும் துணியில் இரண்டு நாளில் உதிர்ந்துவிடும்.

நீண்ட பயணத்துக்கு நாங்கள் சொல்வது கூர்மையான எச்பி பென்சில். மெல்லிய கோடாக, தையல் மறைக்கும் இடத்தில் மட்டும். வெயிலும் மழையும் அதை ஒன்றும் செய்யாது.

எவ்வளவு நூல் வாங்குவது என்றே கணக்கு வரவில்லை. போகும் ஊரில் அதே நிறம் கிடைக்காது என்று பயந்து பத்துப் பத்துக் கண்டாக (நூல் சுருளாக) வாங்கிச் சுமக்கிறேன்.
— வாசகி, சிங்கப்பூர்

கணக்கு எளிது. ஆங்கர், டிஎம்சி ஆகிய இரு நூல் பிராண்டிலும் ஒரு கண்டு 8 மீட்டர், ஆறு இழை. 45 செ.மீ. துண்டாக வெட்டினால் 17 துண்டு. ஒவ்வொன்றையும் இரண்டிழையாகப் பிரித்தால் மூன்று. ஆக 51 முறை ஊசி கோக்கலாம். ஒவ்வொரு முறையும் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஊசியில் மடியும் வாலுக்கும் 10 செ.மீ. போனால், தைக்க 35 செ.மீ. மிஞ்சும்.

இனி தையலைப் பொறுத்தது. ஓட்டுத்தையலில் நூல் கோட்டின் மேல் ஒரே முறைதான் ஓடுகிறது, அடியும் மேலுமாக. நெளிவுக்குக் கொஞ்சம் கழித்தால் 35 செ.மீ. நூலில் 30 செ.மீ. கோடு போடலாம். பின் தையலில் மேலே ஒரு பங்கு, அடியில் இரண்டு பங்கு என மூன்று மடங்கு பிடிக்கும். பூவின் தண்டுக்குப் போடும் காம்புத் தையலும் அப்படியே. சங்கிலியில் மேலே வளையத்துக்கு இரண்டு, அடியில் ஒன்று. ஆகவே இந்த மூன்றிலும் 11, 12 செ.மீ. கோட்டுக்கு மேல் வராது. ஒரு கண்டில் ஓட்டுத்தையல் என்றால் 15 மீட்டர் கோடு, பின் தையல் என்றால் ஐந்தரை மீட்டர்.

மேலே கோவை வாசகிக்குச் சொன்ன 8 செ.மீ. கட்டத்தை அரை செ.மீ. இடைவெளியில் ஓட்டுத்தையலால் நிரப்பினால் 16 வரி, சுமார் 1.3 மீட்டர் கோடு. ஒரே கண்டு பதினொரு கட்டத்துக்கு வரும். பன்னிரண்டு நாள் பட்டைக்கு ஆறு நிறத்திலும் ஒவ்வொரு கண்டு எடுத்துப் போனால் ஊருக்குத் திரும்பும்போது பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். சாட்டின் தையல் மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது. அது துணியின் இரு முகத்தையும் மூடுவதால் நூலை விழுங்கும்.

கண்டைச் சுற்றிய தாளில் உள்ள நிற எண்ணை நூல் அட்டையில் எழுதி வையுங்கள். எண் இருந்தால் வேறு நாட்டிலும் அதே நிறத்தைக் கேட்டு வாங்கலாம்.

முடிச்சுப் போடாமல் எப்படித் தொடங்குவது? பின்பக்கம் முடிச்சு முடிச்சாக இருக்கிறது.
— வாசகி, திருச்சி

ஒரே இழையை 90 செ.மீ. வெட்டி இரண்டாக மடித்து, இரு முனையையும் சேர்த்து ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். மடிப்பு வளையம் வால் பக்கம் இருக்கும். பின்பக்கத்திலிருந்து குத்தி மேலே வந்து, சிறு தையலாக மறுபடி கீழே இறங்கி, ஊசியை அந்த வளையத்துக்குள் விட்டு இழுங்கள், பூட்டிக்கொள்ளும். முடிக்கும்போது பின்பக்கம் போட்ட தையல்களுக்கு அடியில் 2 செ.மீ. நுழைத்து, ஒன்றைத் தாண்டித் திரும்பி வந்து நறுக்கிவிடுங்கள்.

பேருந்தில் குனிந்து தைத்தால் ஐந்து நிமிடத்தில் தலை சுற்றி வாந்தி வருகிறது. ஏதாவது வழி உண்டா?
— வாசகி, ஈரோடு

பேருந்தில் தைக்காதீர்கள். கண் அசையாத துணியைப் பார்க்க, உள்காது உடம்பின் குலுங்கலைச் சொல்ல, இரண்டும் முரண்படுவதால்தான் குமட்டல். அதோடு திடீர் பிரேக்கில் ஊசி எங்கே குத்தும் என்று சொல்ல முடியாது. உணவுக்கு நிறுத்தும் இடங்களும் ரயிலும் போதும்.

ராமேஸ்வரம் போய் வந்த துணியில் பழுப்பு வட்டமாகக் கறை இருக்கிறது. ஊசி குத்தி வைத்த இடம் அது. எப்படிப் போக்குவது?
— வாசகி, யாழ்ப்பாணம்

இரும்புத் துரு. ஊசியின் மேல்பூச்சு தேய்ந்த இடத்தில் கடற்காற்றின் ஈரமும் விரலின் வேர்வை உப்பும் பட்டால் ஓர் இரவே போதும். பாதி தைத்த துணியில் ஊசியைக் குத்தி வைத்துவிட்டுத் தூங்கப் போகும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. வீட்டில் அது பெரிய தவறில்லை, கடலோரத்தில் துணிக்கு ஆபத்து.

வெள்ளைப் பருத்தித் துணி என்றால், எலுமிச்சைச் சாற்றில் உப்பைக் குழைத்துக் கறையில் தடவி, வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து அலசுங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கலாம். நிறத் துணியிலோ நிற நூலுக்குப் பக்கத்திலோ இதைச் செய்யாதீர்கள், நிறம் வெளுக்கும். குளோரின் ப்ளீச் எந்தத் துணிக்கும் வேண்டாம். துருக்கறையை அது இன்னும் ஆழமாக்கும். போகாத கறையின் மேல் பழுப்பு நூலால் ஒரு சிறு பூவோ சங்கோ தைத்துவிடுவதும் நியாயமான தீர்வுதான்.

இனிமேல் ஊசியை ஃபிளானல் புத்தகத்தில் குத்தி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். சொரசொரத்த ஊசியை எமரிப் பொடி (உலோகத்தைத் தேய்த்து மெருகேற்றும் பொடி) நிரப்பிய சிறு திண்டில் பத்துமுறை குத்தி எடுத்தால் வழவழப்பாகும். கருத்துப்போன ஊசியைத் தூக்கிப் போடுவதே நல்லது. துணியைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கி மூடாதீர்கள், ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். துணிப்பைதான் சரி.

தைத்து முடித்துத் துவைத்தேன். சிவப்பு நூல் சாயம் போய் வெள்ளைத் துணியெல்லாம் ரோஸ் நிறம். முதலிலேயே நூலை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தும் இப்படி ஆகிவிட்டது.
— வாசகி, சேலம்

உப்பும் வினிகரும் சாயத்தை நிறுத்தும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். நூலில் ஒட்டாமல் தங்கிய மிச்சச் சாயம் வெளியேறத்தான் வேண்டும். அதை அலசியே போக்க முடியும்.

துணி இன்னும் காயவில்லை என்றால் காப்பாற்றலாம். காய்ந்தால் பரவிய சாயம் துணியைப் பிடித்துக்கொள்ளும். பெரிய வாளியில் நிறையக் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, துணி முழுக்க விரிந்து மிதக்கும்படி போடுங்கள். தண்ணீர் நிறம் மாறியதும் கொட்டி மாற்றுங்கள். தண்ணீர் தெளிவாக நிற்கும்வரை, நாள் முழுக்க ஆனாலும் சரி, தொடருங்கள். பிழியாமல் வெள்ளைத் துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தி, விரித்துப் போட்டுக் காயவையுங்கள். ஒன்றின் மேல் ஒன்று மடிந்து காய்ந்தால் அந்த மடிப்பில் சாயம் இறங்கும்.

சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றையும் பயணத்துக்கு முன்பே சோதியுங்கள். 10 செ.மீ. நூலை நனைத்து வெள்ளைத் துணிக்கு நடுவே வைத்து அழுத்தினால் தெரிந்துவிடும். சந்தையில் எண் இல்லாமல் விற்கும் பளபள நூலைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். அவற்றில் பல செயற்கைப் பட்டு, வழுக்கவும் செய்யும், முடிச்சும் நிற்காது.

பேருந்துச் சீட்டு, கோயில் நுழைவுச்சீட்டு, போன ஊரில் வாங்கிய சேலையின் துண்டு இவற்றையெல்லாம் பட்டையில் சேர்த்துத் தைக்கலாமா?
— வாசகி, தஞ்சாவூர்

துணித்துண்டு தாராளமாக. உங்கள் ஊர் ஒட்டுவேலையைத்தானே கேட்கிறீர்கள்! தேரிலும் கோயிலிலும் தொங்கும் துணிக் குழல்களான தொம்பைகளில் வெட்டிய துணியை இன்னொரு துணிமேல் வைத்துத் தைக்கும் அதே முறைதான், அளவு மட்டும் சிறியது. துண்டைச் சுற்றிலும் 5 மி.மீ. கூடுதலாக வெட்டி, ஓரத்தை நகத்தால் கீறி உள்ளே மடித்து, மேல்துணியின் நிறத்திலேயே ஓரிழை நூலால் 3 மி.மீ. இடைவெளியில் மறைதையல் (நூல் வெளியே தெரியாத தையல்) போடுங்கள். வளைவில் ஓரத்தைச் சிறிதாக வெட்டிவிட்டால் மடிப்பு படியும். பட்டும் ஜார்ஜெட்டும் நூல் பிரியும், அவற்றுக்கு 8 மி.மீ. விடுங்கள்.

காகிதம் வேறு கதை. இன்றைய சீட்டுகளில் பெரும்பாலானவை வெப்பத்தாளில் அச்சானவை. வெளிச்சமும் சூடும் பட்டால் எழுத்து மங்கி வெறுந்தாளாகும், இஸ்திரி பட்டால் கறுத்துவிடும். காகிதத்தில் நெருக்கமாகக் குத்தினால் தபால்தலைபோலக் கிழிந்துகொள்ளும். சீட்டின் மேல் மெல்லிய நெட் துணியைப் போர்த்தி, காகிதத்தைத் தொடாமல் அதைச் சுற்றி நெட்டை மட்டும் தைத்தால் ஒரு சிறு பையாகிவிடும். துவைக்கும்போது சீட்டை உருவி எடுக்க ஒரு பக்கத்தைத் திறந்தே விடுங்கள். ஊர்ப் பெயரையும் தேதியையும் பக்கத்தில் பின் தையலில் எழுதுங்கள். சீட்டு மங்கினாலும் அது இருக்கும்.

ஊட்டி போனபோது தோடர் பெண்கள் தைப்பதைப் பார்த்தேன். அதே வேலையை நாமும் நம் துணியில் போட்டு விற்கலாமா?
— வாசகி, திருப்பூர்

கற்றுக்கொள்ளலாம். உங்களுக்கென்று ஒரு கட்டம் தைத்துப் பார்க்கலாம். தோடர் வேலை என்று சொல்லி விற்கக் கூடாது. தோடர் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அந்தப் பெயர் அந்த மக்களுக்கு உரியது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவர்கள் வரைபடமும் இல்லாமல், ஃப்ரேமும் இல்லாமல், தடித்த வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பிலும் கறுப்பிலும் கோலம் எழுப்புகிறார்கள். இழை எண்ணும் அந்தக் கண்ணுக்கு மரியாதை செய்ய நேரில் விலை கொடுத்து வாங்குவதே வழி. தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் பொர்கை என்ற அமைப்பாகச் சேர்ந்து தைக்கும் லம்பாடிப் பெண்களின் வேலைக்கும் இதே பதில்தான்.

உங்கள் பட்டைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. கைத்தறித் துணியில் பாவு, ஊடை இழைகள் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தால், மூன்று இழைக்கு மேல், மூன்று இழைக்குக் கீழ் என்று எண்ணியே தைத்துப் பாருங்கள். பேனாவே தேவைப்படாது. பகல் வெளிச்சத்தில், வண்டி நிற்கும்போது மட்டும்.

ஆரி வேலை தெரியும். அதைப் பயணத்தில் செய்யலாமா?
— வாசகி, காஞ்சிபுரம்

வேண்டாம். கொக்கி முனையுள்ள ஆரி ஊசிக்குத் துணி முரசுபோல விறைப்பாக நிற்க வேண்டும், ஒரு கை கீழே நூல் கொடுக்க வேண்டும். நிற்கும் ஃப்ரேம் இல்லாமல் அது நடக்காது. சங்கிலித் தையலைச் சாதாரண ஊசியால் போடுங்கள், தோற்றம் கிட்டத்தட்ட அதுவே.

முடிந்த பட்டையை என்ன செய்வது? கண்ணாடிச் சட்டம் போடும் அளவுக்குச் சுவரில் இடமில்லை.
— வாசகர், புதுச்சேரி

சட்டம் வேண்டாம், சுருளாகவே வைக்கலாம். முதலில் தற்காலிகத் தையலை எல்லாம் உருவிவிடுங்கள். குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பு போட்டு அலசி, நிழலில் காயவையுங்கள். கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே, தடித்த துண்டை விரித்து அதன்மேல் தையல் முகம் கீழே இருக்கும்படி வைத்து, பின்பக்கத்திலிருந்து இஸ்திரி போடுங்கள். மேலிருந்து போட்டால் சங்கிலியும் முடிச்சும் நசுங்கித் தட்டையாகும்.

ஓரங்களைப் பின்பக்கம் இரண்டு மடிப்பாக மடித்து மறைதையல் போடுங்கள். ஒரு முனையில் மெல்லிய மூங்கில் குச்சி நுழையும்படி கூடு விட்டுத் தைத்து, மறு முனையில் 40 செ.மீ. நாடா ஒன்றைப் பொருத்துங்கள். குச்சியிலிருந்து தொடங்கி, தையல் முகம் வெளிப்புறம் இருக்கும்படி சுருட்டுங்கள். உள்முகமாகச் சுருட்டினால் தையல் நெருக்கப்பட்டு மடிப்பு விழும். பழைய மல் துணியில் பொதிந்து, காய்ந்த வேப்பிலையைத் தனியாகச் சிறு பையில் கட்டிப் பக்கத்தில் வையுங்கள். அந்துருண்டை நேராக நூலில் படக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து ஒரு மணி நேரம் நிழலில் காற்றாட விட்டுத் திரும்பச் சுருட்டுங்கள்.